மஞ்சாடித்தோட்டில் ஒரு சர்க்கார் பஸ்

தேயிலை எனக்கு ஒத்துக்கொள்ளாது ஐயா, நெஞ்சைக் கரிக்கும். கருப்பட்டிக் காப்பி இருந்தால் அரைக் கோப்பை போதும். இல்லாவிட்டால் வெந்நீர். உங்கள் ஸ்டேஷனில் என்னை நன்றாகவே பார்த்துக்கொள்கிறார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் பேசினால் எதிரே ஒருவர் உட்கார்ந்து கேட்கிறார். அப்படி ஒன்று நடந்து வெகுகாலம் ஆயிற்று.

என் பெயர் ரெத்தினதாஸ். தொழில், மராமத்து இலாகா கண்ட்ராக்டு. சின்னச் சின்ன வேலைகள்தான் எடுப்பேன். ஓடைக்கரைச் சுவர், பள்ளிக்கூடத்துக்கு ஓடு மாற்றுவது, ரோட்டுக்குக் கல் அடிப்பது. பெரிய வேலை என்று வாழ்க்கையில் ஒன்றே ஒன்றுதான் எடுத்தேன். கொல்லயில் ஊர்ப் பக்கம் மஞ்சாடித்தோடு என்ற ஓடையின் மேல் கட்டிய பாலம்.

இந்த ஊருக்கு நீங்கள் புதிது என்பதால் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பாறசாலையிலிருந்து பனச்சமூட்டுக்குப் போகும் பெரிய ரோட்டில் சரசம்மாவின் சாயாக்கடை இருக்கிறது. அங்கே வலப்பக்கம் ஒரு புது ரோடு பிரியும். கொஞ்ச தூரத்தில் தோடு, தோட்டின் மேல் என் பாலம். பாலம் தாண்டி அரை மைல் போனால் மறுபடியும் பெரிய ரோட்டிலேயே சேரும். நல்ல குறுக்குவழி. ஆனால் இரண்டு வருஷமாக அதில் ஒரு மாட்டுவண்டிகூடப் போனதில்லை. பாலத்தின் இரண்டு முனையிலும் இலாகா மூங்கில் கழி கட்டி, வழி அடைப்பு என்று தகரம் தொங்கவிட்டிருந்தது.

பாலத்தைக் கட்டி முடித்துவிட்டேன். இலாகா அதை ஏற்றுக்கொள்ளவில்லை. ஏற்றுக்கொள்ளாத வேலைக்குப் பணம் இல்லை. விஷயம் இவ்வளவுதான்.

ஓவர்சியர் ஆபீசுக்கும் எஞ்சினியர் ஆபீசுக்கும் நடந்தேன். பிறகு திருவனந்தபுரத்துக்கு. அங்கே ஒரு குமாஸ்தா வெற்றிலை போட்டுக்கொண்டே சொன்னான்:

"நாளைக்கு உங்க தாலூக்கு எல்லாம் மதராசுக்குப் போகும்னுதானே நீங்க கொடி பிடிக்கிறீங்க? போகட்டும். பாலத்தையும் எடுத்துட்டுப் போய் அங்க பணம் வாங்கிக்கோங்க."

பக்கத்து மேஜைக்காரர்களும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன். அதுவரை நான் எந்தக் கொடியும் பிடித்ததில்லை ஐயா. எனக்குத் தமிழும் மலையாளமும் ஒன்றுபோலத்தான் வரும். பில் எந்த மொழியில் பாஸானாலும் எனக்குச் சம்மதம்.

அப்புறம் நெய்யாற்றின்கரையில் கேஸ் போட்டேன்.

கோர்ட்டு வராந்தாவில் ஒரு நீள பெஞ்சு உண்டு. கண்ட்ராக்டர் பெஞ்சு என்றே அதற்குப் பெயர். என்னைப்போல சர்க்காரிடமிருந்து பணம் வராதவர்கள் ஆறேழு பேர் வாய்தாதோறும் அதில் உட்கார்ந்திருப்போம். கிணறு வெட்டியவர், ஆஸ்பத்திரிக்குச் சுவர் வைத்தவர், கல் இறக்கியவர். அந்த நாட்கள் எனக்குப் பிடித்திருந்தன. ஒருவர் பொதிச்சோறு கொண்டுவந்தால் எல்லோரும் பங்கு போடுவோம். காலையில் எழுந்ததும் சட்டை போட்டுக்கொண்டு போக ஓர் இடம் இருந்தது.

அந்த பெஞ்சில் ஒரு வழக்கம் உண்டு. கேஸ் கொஞ்சம் பழசானதும் சர்க்கார் வக்கீலின் குமாஸ்தா வந்து ஒவ்வொருவராகத் தனியே கூப்பிடுவார். பாதி வாங்கிக்கொள், கேஸை வாபஸ் வாங்கு என்பார். போனவர் திரும்பி வரும்போது யார் முகத்தையும் பார்க்கமாட்டார். குடையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். இப்படி ஒவ்வொருவராகப் போய்க் கடைசியில் பெஞ்சில் நான் ஒருவன்தான் மிச்சம். என்னைமட்டும் யாரும் கூப்பிடவில்லை. ஏற்றுக்கொள்ளாத பாலத்துக்குப் பாதிகூடக் கிடையாதாம்.

என் வக்கீல் தாணுமாலயன் நல்ல மனிதர். பீஸ் கேட்பதை நிறுத்தி ஒரு வருஷம் ஆகிறது. ஒருநாள் கோர்ட்டு கலைந்ததும் கறுப்புக் கோட்டைக் கழற்றி மடித்துக்கொண்டே சொன்னார்:

"ரெத்தினதாசே, அவங்க ஒரே பேச்சைத்தான் பிடிச்சிட்டு நிக்காங்க. பாலம் தொறக்கல்ல, ஒருத்தரும் உபயோகிக்கல்லன்னு. அனுபவிக்காத சாமானுக்கு வெல எதுக்குன்னு கேக்கான் சர்க்கார் வக்கீல். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, சர்க்கார் வண்டி உமக்க பாலத்துல ஏறி அக்கரைக்குப் போயிருந்தா மீதிய நான் பாத்துக்கிடுவேன். அனுபவிச்சாச்சுல்லா? பெறகு இல்லன்னு சொல்ல முடியாது."

"சர்க்கார் வண்டின்னா?"

"என்னவும் ஆகட்டும். ஜீப்பு, லாரி, பஸ்சு. எஞ்சினியருக்க சைக்கிள் ஆனாலும் சரி."

சைக்கிள் என்றது வேடிக்கைக்கு. எனக்கு அது தெரியும். அவர்மேல் ஒரு பழியும் வரக்கூடாது, எழுதிக்கொள்ளுங்கள். அவர் சட்டம் சொன்னார், அவ்வளவுதான்.

அப்போது நான் பாலத்தின் கிழக்குக்கரையில் குடியிருந்தேன். வேலை நடந்தபோது சிமெண்டு வைக்கப் போட்ட ஓலைப்புரை. வீடு கடனில் போய்விட்டது. மனைவி செல்லபாய் அதைப் பார்க்காமல் முன்னாடியே போய்ச் சேர்ந்தாள். ஒரே மகள் தங்கபாய், நெய்யாற்றின்கரையில் ஜவுளிக்கடை வைத்திருப்பவருக்கு வாழ்க்கைப்பட்டவள். பாலத்துக்கு நான் அடகு வைத்த நகையில் அவளுடையதும் உண்டு. மருமகனுக்கு அது தெரிந்த பிறகு அவள் வருவது நின்றது. கோவிலுக்கும் நான் போவதில்லை. எனக்குக் கூலி பாக்கி உள்ளவர்கள் எல்லாம் அதே கோவிலில்தான் முட்டுக்குத்தி ஜெபிக்கிறார்கள். போதகர் ஆசீர்வாதம் சொல்லும்போது அத்தனை பேரும் கண்ணை மூடியிருப்பார்கள் என்று நம்ப முடியாது.

சாயங்காலம் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருப்பேன். அருமையான சுவர். அகலம் கச்சிதம். யாராவது வந்தால் எதிரே உட்கார இடம் இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். கீழே தண்ணீர் ஓடும். மேலே ஒருவரும் நடக்கமாட்டார்கள். கட்டியவனே காவல் இருக்கும் பாலம் வேறு எங்காவது உண்டா என்று தெரியவில்லை.

கோடையில் மட்டும் ஒரு வேலை இருந்தது. பாலத்துக்குத் தண்ணீர் ஊற்றுவேன்.

சரசம்மா அதைச் சொல்லியிருப்பாள். அவள் கடைக்குத் தண்ணீர் எடுக்கத் தோட்டில் தோண்டிய ஊற்றுக்குத்தான் வருவாள். நான் அதே ஊற்றில் குடத்தால் கோரிப் பாலத்தின் கிழக்குக் கால் அடியில் ஊற்றிக்கொண்டிருப்பேன். காலையிலும் ஊற்றுவேன், மாலையிலும் ஊற்றுவேன்.

"என்ன கண்ட்ராக்டரே, பாலம் காய்க்குமா?" என்பாள்.

"காய்ச்சா உனக்குத்தான் முதல் குலை."

"எனக்கு வேண்டாம். மருமவனுக்குக் குடுத்து நகையத் திருப்பும்."

நாக்கு நீளம் அவளுக்கு. ஆனாலும் பல நாட்களில் என்னோடு பேசிய ஒரே ஆள் அவள்தான். அதனால் அந்தத் தண்ணீர்வேலையை நான் கொஞ்சம் மெதுவாகவே செய்வேன்.

ஏன் ஊற்றினேன் என்கிறீர்களா? சொல்கிறேன். அது தொழில் சம்பந்தப்பட்டது.

பிளான்படி இரண்டு காலும் பாறையில் நிற்க வேண்டும். மேற்குக் கரையில் ஆள் உயரம் தோண்டுவதற்குள் பாறை வந்தது. கிழக்கே தோண்டத் தோண்டச் சேறு. எஞ்சின் வைத்து இறைத்தோம். மறுநாள் காலையில் குழி நிறைந்து நிற்கும். எஞ்சின் வாடகை, எண்ணெய், கூலி. அதுவரை செய்த வேலைக்கு வரவேண்டிய பணம் மேலாபீசில் கிடந்தது. கடையில் கடன் சொல்ல முகம் இல்லை. அப்போது ஈசாக் கொத்தனார் ஒரு யோசனை சொன்னான்.

"நம்ம குளத்துக்கரையெல்லாம் எப்பிடி நிக்குதாம்? சேத்துல பனந்தடியக் குறுக்கும் நெடுக்கும் போட்டு அதுக்கு மேல கல்லு வைக்கல்லியா? வெள்ளத்துக்குள்ள கெடக்கப்பட்ட பனந்தடி நூறு வருசம் இருக்கும் அண்ணாச்சி. உளுக்காது."

அது உண்மை. நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த முறை. தண்ணீருக்குள் கிடக்கும்வரை பனந்தடிக்கு அழிவில்லை. காய்ந்து காய்ந்து நனைந்தால்தான் உளுத்துப்போகும். குளம் வற்றுவதில்லை. தோடு வற்றும். அதை ஈசாக்கும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. முதல் கோடையில் தோடு மணலாகக் கிடந்தபோது யோசித்தேன். அன்றைக்கே குடத்தை எடுத்துவிட்டேன்.

ஓவர்சியர் சதாசிவனைப் பற்றி நான் கோர்ட்டில் கொஞ்சம் வேறுமாதிரி சொல்லியிருக்கிறேன். கைக்கூலி கேட்டார், கொடுக்கவில்லை, அதனால் சர்டிபிகேட் தரவில்லை என்று. அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எப்படியாவது புரட்டிக் கொடுத்திருப்பேன், எல்லாம் அன்றே முடிந்திருக்கும். அவர் கடப்பாரையோடு வந்து கிழக்குக் கால் அடியில் இறங்கிக் குத்திப் பார்த்தார். கடப்பாரை மெத்தென்று போயிற்று. மேலே வந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு, பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் பேசினார்.

"இது பாறையில்ல ரெத்தினதாஸ். இந்த ஒரு காலை மட்டும் பிரிச்சு கெட்டும். நான் மேல ஒண்ணும் எழுதல்ல. கெட்டி முடிச்சா அன்னைக்கே பாஸ் பண்ணித் தாறேன்."

பிரித்துக் கட்ட எதை வைத்துக் கட்டுவது? அவர் நல்லவர் ஐயா. என் கஷ்டம் அதில்தான் தொடங்கியது.

இந்த வருஷக் கோடையில் ஊற்றும் வற்றியது. சரசம்மா தண்ணீருக்கு வேறு பக்கம் போனாள். மழை தொடங்கியபோது கிழக்கு முனையில் கைப்பிடிச் சுவரும் காலும் சேரும் இடத்தில் விரல் நுழையும்படி ஒரு பிளவு. சுண்ணாம்பு வைத்துப் பூசி, மேலே வெள்ளை அடித்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம் சமரம் வந்தது. தமிழ்த் தாலூக்குகளைத் தாய்த் தமிழகத்தோடு சேர் என்று ஊர்வலம், கடையடைப்பு, மறியல். தெற்கே துப்பாக்கிச் சூடு என்று செய்தி வந்தபோது நம் பக்கத்திலும் பஸ் நின்றது. ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டார்கள். போலீஸ் வந்து அகற்றும், மறுபடியும் விழும். சில நாள் கழித்துப் பஸ் விட்டுவிட்டு ஓடத் தொடங்கியது. எனக்கு வாய்தா அடுத்த செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு வாதம் முடிந்து தீர்ப்புக்கு வைப்பார்கள் என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

சாயாக்கடையைத் தாண்டிப் பெரிய ரோட்டோரம் நின்ற அயனி மரத்தை வெட்டியது சமரக்காரர்கள் இல்லை. நான்தான். பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க வெட்டினேன். கோடாலி போட்டுக் கொஞ்ச நேரத்தில் கை ஓய்ந்தது. அப்போது கொடியோடு வந்த நாலைந்து இளவட்டங்கள் நின்றார்கள்.

"எலே, கண்ட்ராக்டரு மாமாவும் நம்ம ஆளாக்கும்."

"மாமா, தள்ளி இரியும். இந்த வயசுல உமக்கு எதுக்கு?"

"இவருக்க பணத்த முழுங்கினவனுவளுக்கு நல்ல வேணும்டே."

வாள் கொண்டுவந்து அறுத்தார்கள். ஒருவன் எனக்கு இளநீர் வெட்டித் தந்தான். மரம் சாய்ந்ததும் என் தோளில் கைபோட்டுக்கொண்டு கோஷம் போட்டார்கள். எனக்கும் வாய் அசைந்தது. அந்த ஒரு மணி நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன். இன்னொரு மரம் வெட்ட வேண்டியிருந்தால் அதையும் வெட்டியிருப்பேன். அவர்கள் போன பிறகு நான் பாலத்துக்குப் போய் இரண்டு முனையிலும் கழியை அவிழ்த்து, தகரத்தைப் புரைக்குள் வைத்தேன். பாலத்தைக் கூட்டிப் பெருக்கினேன். அந்தப் பையன்களுக்கு ஒன்றும் தெரியாது. அவர்களை விட்டுவிடுங்கள்.

மத்தியானம் பனச்சமூட்டுப் பஸ் வந்தது. டிரைவர் கிருஷ்ணன்குட்டி. நல்ல டிரைவர், அவசரப்படாதவர். மரத்தைப் பார்த்து நிறுத்தினார். நான் சாயாக்கடை முன்னால் நின்று புது ரோட்டைக் கைகாட்டினேன்.

"அது அடைச்சிட்டது அல்லே?" என்றார்.

"தொறந்தாச்சு. கழி எடுத்தத நீரே பாரும்."

"பாலத்துக்கு உறப்பு உண்டா, கண்ட்ராக்டரே?"

சரசம்மா கதவைப் பாதி சாத்திவைத்துக்கொண்டு உள்ளேயிருந்து பதில் சொன்னாள். "பேடிக்காதீரும். அவரு வெள்ளம் ஊத்தி வளத்த பாலமாக்கும்."

பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உண்மையில் அந்த நாளில் எல்லோரிடமும் உண்மை சொன்னது அவள் ஒருத்திதான்.

அப்போதுதான் பெண்கள் இருக்கையிலிருந்து தங்கபாய் தலையை நீட்டினாள்.

அவள் வருவது எனக்குத் தெரியாது. இதை நீங்கள் நம்ப வேண்டும். பஸ் ஓடுகிறது என்று கேட்டதும் கிளம்பியிருக்கிறாள். மடியில் தூக்குப்பாத்திரம். கொஞ்சம் மெலிந்திருந்தாள்.

"அப்பா, உங்களக் கூட்டிட்டுப் போவத்தான் வாறேன். அவருக்க கோவம் எல்லாம் தீந்தாச்சு. இந்தச் சண்டையில நீங்க ஒத்தையில இருக்கண்டாம்னு அவரே சொல்லியாச்சு."

அவள் தூக்குப்பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வழக்கமாகச் சாயாக்கடையில்தான் இறங்க வேண்டும். பாதி எழுந்தவள் ரோட்டைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"பஸ்சு பாலத்து வழியாட்டா போவுது? அப்போ நான் இங்க எறங்கட்டா, அக்கரையில நம்ம புரைக்க முன்னாடி எறங்கட்டா?"

கிருஷ்ணன்குட்டி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும் ஐயா. இறங்கு என்று நான் சொல்லியிருந்தால் அந்த மனிதர் வண்டியை எடுத்திருக்கமாட்டார். சொந்த மகளை ஏற்றாத பாலத்தில் எந்த டிரைவர் ஏற்றுவான்? கண்டக்டர் பார்த்திருப்பார், பஸ்ஸில் இருந்தவர்கள் பார்த்திருப்பார்கள், செவ்வாய்க்கிழமை சர்க்கார் வக்கீல் அத்தனை பேரையும் கூண்டில் ஏற்றியிருப்பார். என் வாயால் நானே என் பாலத்துக்கு எதிராகச் சாட்சி சொன்னதாகியிருக்கும். கடைசிவரை ஒற்றைக்கு உட்கார்ந்திருந்த பெஞ்சு வீண்.

"இருந்துக்கோ மக்கா," என்றேன். "அப்பனுக்க பாலம்லா."

அவள் சிரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சாயாக்கடைவரைதான் அவளுக்கு டிக்கெட். அக்கரைக்கு இன்னொன்று எடுக்க வேண்டும் என்றார் கண்டக்டர். என் இடுப்பு மடிப்பிலிருந்து சில்லறை எடுத்து நானே கொடுத்தேன். அவர் கிழித்து அவள் கையில் கொடுத்தார். என் பாலத்தைக் கடக்க சர்க்கார் வசூலித்த காசு அது. கண்டக்டர் யோசிக்கவில்லை, எனக்கு அந்த நிமிஷமே தோன்றியது.

"எங்கில் நீங்களும் கேறிக்கோ," என்றார் கிருஷ்ணன்குட்டி.

நான் ஏறவில்லை. பின்னாலேயே நடந்து வருகிறேன் என்றேன். கட்டியவன் தன் பாலத்தைத் தூரத்திலிருந்து பார்க்க ஆசைப்படமாட்டானா? அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

பஸ் மெதுவாகத்தான் ஏறியது. மேற்குக் கால் அசையவில்லை. நடுவிலும் ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் வெள்ளைக் கைப்பிடிச் சுவர், நடுவே சிவப்புப் பஸ். நான் நினைத்திருந்ததைவிட அழகாக இருந்தது. முன்சக்கரம் இரண்டும் கிழக்குக்கரை மண்ணைத் தொட்டன. இதை நான் எந்தக் கோர்ட்டிலும் சத்தியம் செய்வேன். பின்சக்கரம் கிழக்குக் காலின்மேல் வந்தபோது அந்தக் கால் உள்ளே போனது. சத்தம் அதிகம் இல்லை. சேற்றில் போகும்போது கல் சத்தம் போடாது. பஸ் பின்பக்கமாக வழுக்கி, பக்கவாட்டில் சாய்ந்து, தோட்டில் இறங்கியது. மழைத்தண்ணீர் நிறைய ஓடிக்கொண்டிருந்தது.

ஏழு பேர் என்று நீங்கள் சொல்லித்தான் தெரிந்தது. நான் ஒருத்தியைத்தான் தூக்கினேன்.

ஆமாம் ஐயா, மரத்தை வெட்டியது நான். கழியை அவிழ்த்தது நான். பஸ்ஸைத் திருப்பிவிட்டது நான். கிழக்குக் கால் எதன்மேல் நிற்கிறது என்று அங்கே இருந்தவர்களில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இரண்டே காரியம் கேட்டுக்கொள்கிறேன். கிழக்குக்கரையில் முன்சக்கரத் தடம் பதிந்திருக்கிறது. மழை அழிப்பதற்குள் சதாசிவனைக் கூப்பிட்டு அளந்துகொள்ளச் சொல்லுங்கள். அவர் நேர்மையானவர், உள்ளதைச் சொல்வார். அப்புறம், என் சட்டைப் பையிலிருந்து உங்கள் ஏட்டு எடுத்துவைத்த டிக்கெட்டு. நனைந்ததுதான், காயவைத்துவிட்டேன், நம்பர் தெரிகிறது. அதை வக்கீல் தாணுமாலயனிடம் சேர்த்துவிடுங்கள். சின்னப் பிள்ளையில் எந்த டிக்கெட்டையும் தொலைத்துவிடுவாள். இதை மட்டும் விடவே இல்லை, விரலைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை சர்க்கார் என்ன சொல்லிவிட முடியும்? ஒரு சாட்சிதான் குறைகிறது. தங்கபாய் இருந்திருந்தால் கூண்டில் ஏறி எனக்காகச் சொல்லியிருப்பாள், அப்பா கட்டிய பாலம் நல்ல பாலம் என்று.